முதலில் கடிகாரம், கடைசியில் படம்

கரீபியனில் ஒரு வாரக் குரூஸுக்குப் பணம் கட்டிய கையோடு கப்பல் கம்பெனியிடமிருந்து மின்னஞ்சல்கள் வரத் தொடங்கிவிடும். டால்பினோடு நீந்தலாம், மாயா கோயில் பார்க்கலாம், மர உச்சிகளுக்கு மேலே கம்பியில் தொங்கியபடி சறுக்கலாம் என்று ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒரு நீண்ட பட்டியல். ஷோர் எக்ஸ்கர்ஷன் என்பார்கள். நாம் கரைச் சுற்றுலா என்று வைத்துக்கொள்வோம். கப்பல் டிக்கெட்டில் இது சேராது. ஆளுக்கு 100 டாலர் என்பது சாதாரணம். ஐந்து பேர் குடும்பம், நான்கு துறைமுகம் என்று பெருக்கினால் 2,000 டாலர். அவ்வளவு பணத்தைப் போட்டுவிட்டு, பாதி நேரம் பஸ்ஸில் தூங்கி வழிந்துவிட்டுத் திரும்புகிற குடும்பங்கள் நிறைய.

காரணம் எளிது. எல்லோரும் முதலில் பார்ப்பது படத்தை. அடுத்து விலையை. நேரத்தையும் தூரத்தையும் பலர் பார்ப்பதே இல்லை. இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்கிவிடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

பயணத் திட்டத்தில் ‘கோஸுமெல், காலை 8 முதல் மாலை 5 வரை’ என்று இருக்கும். ஒன்பது மணி நேரம் என்று மனசு கணக்குப் போட்டுவிடும். ஆனால் எட்டு மணிக்குக் கப்பலைக் கட்டத்தான் செய்வார்கள். உள்ளூர் அதிகாரிகளின் அனுமதி வந்து, மூவாயிரம் நாலாயிரம் பேர் இறங்கும் வரிசையில் நின்று, கரையில் கால் வைக்கும்போது எட்டரை, எட்டே முக்கால் ஆகிவிடும். நீளமான பாலத்தில் நடந்து, வேண்டுமென்றே வழியில் வைத்திருக்கும் கடைத்தெருவைத் தாண்டி, வண்டி நிற்குமிடத்துக்குப் போய்ச் சேர இன்னும் கால் மணி. மாலையில் ஐந்து மணிக்குக் கிளம்பும் கப்பலில் நாலரைக்கெல்லாம் ஏறியிருக்க வேண்டும். சில கப்பல்களில் நாலு மணிக்கே. ஆக, கையில் நிற்பது ஏழு மணி நேரம். கைக்குழந்தையோ முட்டிவலிக்காரப் பெரியவரோ கூட வந்தால் ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சில துறைமுகங்களில் இதிலும் குறையும். கிராண்ட் கேமனில் பெரிய கப்பல் வந்து கட்ட மேடையே கிடையாது. கட்டலாமா என்று 2025இல் வாக்கெடுப்பு வைத்தபோதும் தீவு மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். கப்பல் கடலிலேயே நங்கூரமிடும். டெண்டர் என்ற சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும். பெலீஸிலும் அப்படித்தான். அங்கே பவளத்திட்டுக்கு உள்ளே கடல் ஆழமில்லாததால் கப்பல் வெகு தூரத்தில் நிற்கும், படகுப் பயணமே கால் மணிக்கு மேல் பிடிக்கும். ஆடுகிற படகில் பாட்டியைக் கைப்பிடித்து இறக்கி, தள்ளுவண்டியை மடக்கி, டோக்கன் வரிசையில் நின்று என்று போகவும் வரவுமாக ஒரு மணி நேரம் கரைந்துவிடும். கடல் கொந்தளிப்பாக இருந்தால் கேப்டன் கேமனில் நிற்காமலே போய்விடுவதும் உண்டு. அதனால் டெண்டர் ஊர்களில் திரும்பக் கிடைக்காத பணத்தை முன்கூட்டிக் கட்டாதீர்கள்.

கடிகாரத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. கோஸுமெல் இருக்கும் மெக்ஸிகோவின் கின்டானா ரோ மாநிலம் 2015 முதல் ஆண்டு முழுக்க ஒரே நேரத்தில் ஓடுகிறது. மயாமி கோடைக்கு ஒரு மணி நேரம் முன்னே நகர்த்திக்கொள்ளும். கோடை விடுமுறையில் மயாமியிலிருந்து போகும் கப்பல் தன் கடிகாரத்தை மாற்றாமல் இருந்தால், கரையில் உங்கள் போன் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறி 3 என்று காட்டும்போது கப்பலில் மணி 4. ஜமைக்காவிலும் கேமனிலும் இதே கதை. இறங்கும் முன் ‘கப்பல் நேரமா, ஊர் நேரமா’ என்று கேட்டு, ஒருவராவது சாதாரணக் கைக்கடிகாரத்தில் கப்பல் நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நிமிடத்தில் பாலத்தில் மூச்சிரைக்க ஓடிவருபவர்களை மேல் தளத்தில் நின்று கைதட்டி வேடிக்கை பார்ப்பது குரூஸ் பயணிகளின் பொழுதுபோக்குகளில் ஒன்று. நாம் அந்த வேடிக்கையாக ஆக வேண்டாம்.

அடுத்தது தூரம். ஒரே பெயருள்ள சுற்றுலா, எந்தத் துறைமுகத்தில் இறங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து வேறு சுற்றுலா ஆகிவிடும். ஜமைக்காவின் டன்ஸ் ரிவர் அருவியை எடுத்துக்கொள்வோம். படிப்படியாகப் பாறைகளில் விழுந்து நேரே கடலில் கலக்கும் அருவி. ஏறத்தாழ 180 மீட்டர் நீளம். கீழே கடற்கரையிலிருந்து முன்பின் தெரியாதவர்களோடு கைகோத்துச் சங்கிலியாக, தண்ணீர் முகத்தில் அடிக்க அடிக்க மேலே ஏறிப்போவார்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இதைவிடக் கொண்டாட்டமான இடம் அந்தப் பக்கத்தில் இல்லை. ரப்பர் அடியுள்ள தண்ணீர்ச் செருப்பு இல்லாமல் ஏற முடியாது. ஊரிலிருந்தே வாங்கிப் போனால் வாடகை மிச்சம். ஏற முடியாதவர்களுக்குப் பக்கத்திலேயே படிக்கட்டு இருக்கிறது, பேரன் வழுக்கி விழுவதைப் பார்த்துக்கொண்டே தாத்தாவும் மேலே போகலாம். ஓச்சோ ரியோஸில் இறங்கினால் இது சில நிமிடத் தொலைவு. 2011இல் திறந்த ஃபால்மத் துறைமுகத்தில் இறங்கினாலோ போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். இரண்டு ஊர்ப் பட்டியலிலும் போட்டிருப்பது அதே அருவியின் படம்தான்.

கோஸுமெலில் இறங்குகிறவர்களை இழுப்பது துலும். கடலோரக் குன்றின்மேல் நிற்கும் மாயா நகரம். படத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். கோஸுமெல் ஒரு தீவு என்பதும் துலும் இருப்பது எதிர்க்கரையில் என்பதும் படத்தில் தெரியாது. ஃபெர்ரியில் முக்கால் மணி நேரம் பிளாயா தெல் கார்மென் போய், அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். போனால் நிழலே இல்லாத வெயிலில் சுமார் இரண்டு மணி நேரம். பிறகு அதே பஸ், அதே ஃபெர்ரி. வரலாற்றில் ஆர்வமுள்ள பெரியவர்களுக்குச் சரி. ஆறு வயதுப் பிள்ளைக்கு இது தண்டனை. மாயா கட்டடம் ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் தீவுக்குள்ளேயே சான் ஹெர்வாசியோ இருக்கிறது. துலும் அளவுக்கு எடுப்பானது இல்லை. ஆனால் ஈஷ்செல் தெய்வத்தை வேண்டி மாயாப் பெண்கள் கடல் தாண்டி வந்துபோன தலம் அது. டாக்ஸியில் போய் மரநிழலில் சுற்றிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குக் கடற்கரைக்கு வந்துவிடலாம். சீச்சென் இட்சா என்ற மாயா நகரமோ இன்னும் உள்ளே, வெகு தூரம். குரூஸ் நாளில் அதைத் தொடவே தொடாதீர்கள்.

பஹாமாஸில் நீந்தும் பன்றிகளும் அப்படித்தான். சமூக ஊடகங்களில் புகழ்பெற்றவை எக்ஸூமா தீவுகளில் இருப்பவை. நஸ்ஸாவிலிருந்து அங்கே போவது விரைவுப் படகில் அலையில் தூக்கித் தூக்கிப் போட்டபடி முழு நாள் வேலை. நஸ்ஸாவுக்குப் பக்கத்திலுள்ள ரோஸ் தீவிலும் இப்போது பன்றிகளைக் காட்டுகிறார்கள். பதிவு செய்யும்போது எந்தத் தீவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு இரண்டும் பன்றிதான்.

கப்பலிடமே வாங்குவதா, நாமே உள்ளூரில் ஏற்பாடு செய்துகொள்வதா? இதற்கும் பதில் தூரத்திலேயே இருக்கிறது. தொலைவென்றால் கப்பலிடம் வாங்குங்கள். பக்கமென்றால் நீங்களே பாருங்கள்.

கப்பல் விற்கும் சுற்றுலாவை நடத்துவது கப்பல்காரர்கள் இல்லை, உள்ளூர்க் கம்பெனிகள்தான். பல நேரம் அதே படகு, அதே வழிகாட்டி. நடுவில் கப்பலின் பங்கு ஏறி விலை கூடியிருக்கும். அந்தக் கூடுதல் பணத்துக்கு ஒன்று கிடைக்கிறது: பஸ் பழுதாகித் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், காத்திருக்க முடியாவிட்டால் அடுத்த துறைமுகத்துக்கு உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை ஏற்கும். நீங்களாகப் போய்த் தாமதமானால் கப்பல் கிளம்பிவிடும். விமான டிக்கெட், ஓட்டல், எல்லாம் உங்கள் தலையில். அமெரிக்கக் குடிமக்கள் இத்தகைய பயணங்களுக்குப் பிறப்புச் சான்றிதழோடு வரலாம் என்பதால் பலர் பாஸ்போர்ட்டே எடுப்பதில்லை. கப்பலைத் தவறவிட்டு விமானம் ஏற வேண்டியிருந்தால் அங்கேதான் சிக்கல். கப்பல் அந்தத் துறைமுகத்துக்குப் போகவே இல்லையென்றால் கப்பலிடம் வாங்கிய சுற்றுலாவின் பணம் தானாகத் திரும்பிவரும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம். பாதை மாறுவது அந்த மாதங்களில் அடிக்கடி நடக்கும் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

அதே கப்பல் சுற்றுலாவில் நாற்பது பேர் ஒரு பஸ்ஸில் போவீர்கள், கடையில் தொலைந்துபோன நாற்பதாவது ஆளுக்காக முப்பத்தொன்பது பேரும் காத்திருப்பீர்கள். கடற்கரைக்குப் போக இது எதற்கு? கோஸுமெலில் ஒரு நாள் கட்டணம் வாங்கிக்கொண்டு நாற்காலி, நீச்சல் குளம், சாப்பாடு எல்லாம் தரும் கடற்கரை கிளப்புகள் இருக்கின்றன. டாக்ஸியில் கால் மணி நேரம். சிறு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு என் முதல் சிபாரிசு இதுதான். பிள்ளை தூங்கினால் தூங்கட்டும், அழுதால் எழுந்து வந்துவிடலாம். டாக்ஸி வாடகை ஆளுக்கா வண்டிக்கா, ஒரு வழியா இரு வழியா என்பதை ஏறும் முன் பேசிவிடுங்கள். அமெரிக்க டாலர் அநேகமாக எல்லா ஊரிலும் செல்லும். ஒன்று, ஐந்து டாலர் நோட்டுகளாக வைத்திருந்தால் சில்லறை இல்லை என்ற பேச்சு வராது. கார் சீட் மட்டும் எந்த டாக்ஸியிலும் எதிர்பார்க்காதீர்கள்.

சில ஊர்களில் எதையுமே வாங்க வேண்டாம். பியூர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் கப்பலிலிருந்து இறங்கி நடந்தால் போதும். நீலச்சாயல் கல் பாவிய தெருக்கள், 1539இல் கட்டத் தொடங்கிய எல் மோரோ கோட்டை, அதன் முன்னால் கடற்காற்று ஓயாமல் வீசும் பெரிய புல்வெளி. ஒரு பட்டம் வாங்கிக் கொடுத்தால் பிள்ளைகள் அங்கிருந்து நகர மாட்டார்கள். கோட்டையை மாலையிலேயே மூடிவிடுவார்கள். பல கப்பல்கள் சான் ஹுவானுக்குப் பிற்பகலுக்கு மேல்தான் வருகின்றன, நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். குராசோவின் வில்லெம்ஸ்டாட்டில் 1888 முதல் மிதந்துகொண்டிருக்கும் குவீன் எம்மா பாலம் உண்டு. கப்பல் வரும்போது மணி அடித்து, பாலம் முழுதும் கதவு மாதிரி ஒரு பக்கமாகத் திறக்கும்; சமயத்தில் மேலே ஆட்கள் நிற்கும்போதே. நஸ்ஸாவில் அடிமைகள் 1790களில் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து வெட்டிய 65 படிகள், குவீன்ஸ் ஸ்டேர்கேஸ், துறைமுகத்திலிருந்து நடக்கும் தூரம்தான். கப்பல் கம்பெனிகளின் சொந்தத் தீவுகளில், ராயல் கரீபியனின் கோகோகே போன்ற இடங்களில், கடற்கரையும் சாப்பாடும் பெரும்பாலும் டிக்கெட்டிலேயே அடக்கம். வாட்டர் பார்க்குக்குத்தான் தனிக் கட்டணம்.

இனி வீட்டு ஆட்கள். ஐந்து பேரும் ஒன்றாகவே போக வேண்டும் என்ற பிடிவாதம்தான் நம் குடும்பங்களில் பணத்தை வீணாக்குகிறது. “நீங்கல்லாம் போயிட்டு வாங்கப்பா, நான் கப்பல்லயே இருக்கேன்” என்று பாட்டி சொன்னால் அது தியாகம் என்று நினைத்து வற்புறுத்த வேண்டாம். துறைமுக நாளில் கப்பல் காலியாக இருக்கும், குளத்தில் கூட்டம் இருக்காது, சாப்பாட்டுக்கு வரிசை இருக்காது. அவருக்கு அது நல்ல நாள். பதின்வயதுப் பிள்ளையும் அப்பாவும் கம்பியில் சறுக்கப் போக, அம்மாவும் சின்னவளும் கடற்கரைக்குப் போவதில் தப்பில்லை. சறுக்குக் கம்பிக்கு எடை வரம்பு மேலும் உண்டு, கீழும் உண்டு. ஒல்லிக்குச்சியாக இருக்கும் பையனைக் கூட்டிப்போய் வாசலில் நிறுத்திவிட்டால் அந்த நாள் முழுக்க முகத்தைப் பார்க்க முடியாது. வயது, உயரம், எடை, கர்ப்பிணிகள் வரலாமா என்பதெல்லாம் சுற்றுலாக் குறிப்பின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படியுங்கள்.

நீச்சல் தெரியாதவர்கள் நம்மில் அதிகம். அதற்காகக் கரீபியனின் பாதி அழகை விட்டுவிட வேண்டியதில்லை. கிராண்ட் கேமன், கோஸுமெல், பார்படோஸ், அருபா ஆகிய இடங்களில் அட்லான்டிஸ் என்ற நிஜ நீர்மூழ்கியில் ஏறலாம். சுமார் 100 அடி ஆழம் வரை போகும், உடம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாது. பிள்ளைகள் மூன்றடி உயரமாவது இருக்க வேண்டும், ஏணியில் இறங்கத் தெரிய வேண்டும். முட்டி ஒத்துழைக்காதவர்களுக்குக் கண்ணாடி அடிப்படகு போதும்.

தண்ணீரில் இறங்கலாம், நீந்த மட்டும் வேண்டாம் என்பவர்களுக்குக் கேமனின் ஸ்டிங்ரே சிட்டி. வடக்கு விரிகுடாவின் அமைதியான நீரில் மீனவர்கள் மீன் கழுவிக் கழிவைக் கொட்டிவந்ததால் திருக்கை மீன்கள் படகுச் சத்தம் கேட்டதும் கூடப் பழகிவிட்டன. இன்று கணவாய்த் துண்டு கொடுப்பது வழிகாட்டிகள். கடலுக்கு நடுவே மணல்திட்டு. தண்ணீர் பெரியவர்களுக்கு இடுப்பளவு. இறங்கியதும் தட்டு மாதிரி அகன்ற சாம்பல் நிற உருவங்கள் முழங்காலை உரசிக்கொண்டு போகும். முதுகு சற்றே சொரசொரப்பு, அடிவயிறு வழவழவென்று காளான் தொட்டது போல. காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்தபடியே நடக்கச் சொல்வார்கள். மிதித்தால்தான் வால்முள்ளுக்கு வேலை வரும். ஐந்து நிமிடம் அலறும் பிள்ளை பத்தாவது நிமிடத்தில் கீழே இறங்க அடம்பிடிக்கும். அலறலை நிறுத்தாத பிள்ளையும் உண்டு. நாலைந்து கப்பல் நிற்கும் நாளில் திட்டில் மனிதர்கள்தான் அதிகம் தெரிவார்கள். காலையின் முதல் படகைப் பிடியுங்கள். டால்பினோடு நீந்துவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். திருக்கை தானாக வந்து தானாகப் போகிறது. டால்பின் வேலிக்குள் கிடக்கிறது. விலையும் பட்டியலில் உச்சம், படத்துக்குத் தனிக் காசு.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுற்றுலாவோடு தரும் மதிய உணவு பெரும்பாலும் கோழியும் சோறும். கப்பல் பஃபேயிலிருந்து பழமோ சாண்ட்விச்சோ எடுத்துப்போகப் பல தீவுகளில் விவசாயச் சட்டம் அனுமதிக்காது, இறங்குமிடத்திலேயே வாங்கிப் போட்டுவிடுவார்கள். பிரிக்காத பிஸ்கட், முறுக்குப் பாக்கெட் பிரச்சினையில்லை. சன்ஸ்கிரீனையும் பார்த்து வாங்குங்கள். செயின்ட் தாமஸ் அடங்கிய அமெரிக்க விர்ஜின் தீவுகளில் பவளத்தைக் கெடுக்கும் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட், ஆக்டோகிரைலீன் கலந்தவற்றுக்கு 2020 முதல் தடை. ஜிங்க் ஆக்ஸைடு உள்ளது எங்கேயும் செல்லும். 2011க்குப் பிறகு சார்கஸம் என்ற பழுப்புக் கடற்பாசி வசந்தத்திலும் கோடையிலும் மெக்ஸிகோவின் கிழக்குக் கரைகளில் மேடு மேடாக ஒதுங்கி நாறுகிறது; அங்குள்ள கோஸ்டா மாயா துறைமுகத்தில் கடற்கரை நாள் போடும் முன் அந்த வாரத்து நிலவரத்தைப் பாருங்கள். கோஸுமெலின் மேற்குக் கரைக்கு இந்தத் தொல்லை குறைவு.

பனிக்காலத்தில் தெற்குக் கரீபியன் போகும் கப்பல்களில் சில, குவாதலூப்பின் புவான்-தா-பீத்ர் துறைமுகத்தில் நிற்கும். பிரெஞ்சுத் தீவு. 1854 டிசம்பரில் தொடங்கி, கரும்புத் தோட்ட வேலைக்குப் பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகக் கொண்டுவரப்பட்ட தமிழர்களின் வம்சாவளியினர் அங்கே இன்றும் இருக்கிறார்கள். காபெஸ்டேர்-பெல்-ஓ என்ற ஊரில் சாலையோரம் வண்ணக் கோபுரத்தோடு சாங்ஜி கோயில் நிற்கிறது; உள்ளே இருப்பது மாரியம்மன், அவர்கள் வாயில் மாலியெமின். சுற்றுலாப் பட்டியல்களில் முன்னால் நிற்பது அதே திசையில் மலைக்குள் இருக்கும் கார்பெ அருவி. நாலைந்து பேராகச் சேர்ந்து டாக்ஸி பிடித்தால் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். டாக்ஸி அங்கே மலிவில்லை, யூரோவில்தான் பேசுவார்கள், ஆங்கிலம் தெரிந்த ஓட்டுநரை முன்னதாகவே ஏற்பாடு செய்ய வேண்டும். கோயில் திறந்திருக்கும் நேரத்தை அவரிடமே விசாரித்துவிட்டு, முதலில் அருவி, திரும்பும் வழியில் கோயில் என்று போடச் சொல்லுங்கள். மதியம் மலையில் மழை பிடித்துக்கொண்டால் அருவிப் பாதையை மூடிவிடுவதுண்டு.